வெப்பக் கருவி எண் பதினேழு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருபதக்கா செய்த முதல் தப்பு, உண்மையைச் சொன்னதுகூட இல்லை, அதை எழுதிக் கொடுத்ததுதான். வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். அளவுத் தர நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிய ஒருத்திக்கு, அங்கே எழுதிக் கொடுக்கும் தாளுக்குக் கைகால் முளைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அந்த நிலையத்தின் வேலை, அளக்கிறவர்களை அளப்பது. தொழிற்சாலைகள் தங்கள் அளவுக்கட்டைகளைப் பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பும். விரல் நீள எஃகுத் துண்டுகள்தான். அவற்றை நிலையத்தின் தாய்க்கட்டையோடு ஒப்பிட்டு, எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று சான்றிதழ் எழுதித் தரவேண்டும். எஃகுக்குச் சூடு ஆகாது. கையால் தொட்டாலே நீளும். அதனால் அந்த அறை வருஷம் முழுக்க இருபது டிகிரியில் இருக்கும். கையுறை போட்டு, மர இடுக்கியால் கட்டையை எடுத்து வைத்து, அது ஆறுவதற்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து, மூச்சை ஒரு பக்கமாக விட்டபடி அளக்கவேண்டும். இதைப் பொறுமையாகச் செய்ய அவளை விட்டால் ஆள் இல்லை. அந்த இருபது டிகிரியை வைத்துத்தான் அவளுக்கு இருபதக்கா என்று பெயர். அவளைவிட மூத்த காவலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அறைச் சுவரில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு பேனா, சுழலும் தாளில் அறையின் வெப்பத்தைச் சிவப்புக் கோடாக இழுத்துக்கொண்டே இருக்கும். இருபத்தியோரு வருஷம் அந்தக் கோடு அடித்து வைத்த மாதிரி நேராக ஓடியது. போன வருஷம்தான் அதில் மேடு கிளம்பியது. ஒரு நாளைக்கு ஏழு, எட்டு. குளிர்சாதனப் பொறியாளர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் கூரையைப் பிரித்தார். மூன்றாவது முறை ஒரு குருவிக் கூட்டைக் கண்டுபிடித்து அதற்கு அறிக்கை எழுதினார். மேடு நிற்கவில்லை.

மேடு யார் என்று இருபதக்காவுக்குத் தெரியும். மாதவிடாய் நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சனியன் தொலைந்தது என்று முதலில் சந்தோஷப்பட்டாள். ஒரு வருஷம் கழித்து ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்ததுபோல் கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். இரண்டு நிமிஷத்தில் ரவிக்கை நனைந்துவிடும். அப்புறம் உடம்பெல்லாம் குளிரும். ராத்திரி நாலு தடவை எழுந்து உடை மாற்றுவாள். தூக்கம் என்ற ஒன்று இருந்ததையே உடம்பு மறந்துவிட்டது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினாள். துண்டை நாற்காலியில் போட்டதற்காகக் கணவனை ஒரு மணி நேரம் திட்டினாள், அப்புறம் அந்தத் துண்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் ரயில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவர், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து திட்டு வாங்கிப் பழகியவர். துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். ஒரு நாள் ஒரு சான்றிதழில் கடைசி இலக்கத்தைத் தப்பாக எழுதிவிட்டாள். இரண்டாவது முறை சரிபார்த்தபோது தானே கண்டுபிடித்துத் திருத்தினாள். யாருக்கும் தெரியாது. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அது முதல் தப்பு. அன்று அவளுக்கு உள்ளூரப் பயம் வந்தது. அந்த அறையும் அந்த வேலையும் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம்.

மறுநாள் கூரையை நாலாவது முறை பிரிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பொறுக்கமுடியாமல் எழுதிக் கொடுத்தாள்:

“ஐயா, தாளில் உள்ள மேடு நான்தான். எனக்கு மாதவிடாய் நின்றுவிட்டதால் அடிக்கடி உடம்பு பற்றி எரிகிறது. கட்டைக்குப் பக்கத்தில் நான் இருக்கும்போது அது வந்தால் கட்டைக்கும் சூடு ஏறுகிறது. கூரையைப் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

கூரையைப் பிரிப்பது நின்றது. அந்த மட்டில் லாபம்.

நாலு நாள் கழித்துப் பதிவேட்டு அதிகாரி வந்தார். நல்ல மனுஷன், ஈயைக்கூட விரட்டமாட்டார். கையில் ஒரு பச்சைப் பதிவேடு. தாய்க்கட்டை அறைக்குள் சூடு கிளப்பும் எதுவானாலும் பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பது விதி என்றார். விளக்கு இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மொத்தம் பதினாறு. இப்போது எழுத்து மூலமாக ஒரு பதினேழாவது தெரியவந்திருக்கிறது. தெரியவந்த பிறகு பதியாமல் விட்டால் தணிக்கையில் அவர் தலைதான் உருளும் என்றார்.

“எல்லாம் பேப்பருக்குத்தான் அக்கா, மனசுல வச்சுக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

தயாரித்த வருஷம் கேட்டார். பிறந்த வருஷத்தைச் சொன்னாள். தயாரித்தவர் பெயர் கேட்டார். அப்பா அம்மா பெயரைச் சொன்னாள். அவர்கள் இன்னும் இயங்குகிறார்களா என்று கேட்டார். இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள் என்றாள். ‘உற்பத்தி நிறுத்தப்பட்டது, உதிரி பாகம் கிடைக்காது’ என்று எழுதி, அடியில் கோடு போட்டார். கடைசியாகச் சராசரி வெப்பம், ஓடும் நேரம், அணைக்கும் விதம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அணைக்கும் விதம் தெரிந்தால் நான் ஏன் சார் எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். அவர் அதை ‘தெரியவில்லை’ என்று சுருக்கி எழுதிக்கொண்டார். போகும்போது அவளுடைய அடையாள அட்டையின் பின்பக்கம் ஒரு வெள்ளிநிற வில்லையை ஒட்டிவிட்டுப் போனார். ‘வெப்பக் கருவி, எண் 17.’

இருபதக்காவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. வந்ததே தவிர நிற்கவில்லை.

அந்த வாரம் அவள் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா அவசரப்படாதவள். ரத்த அழுத்தம் பார்த்தாள், மார்பகப் படம் எடுத்து வரச்சொல்லிப் பார்த்தாள், குடும்பத்தில் யாருக்கு என்ன என்று விசாரித்தாள். பெரியம்மாவுக்கு எழுபது வயசில் மார்பில் புற்றுநோய் வந்தது என்று இருபதக்கா சொன்னாள்.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. உடம்பில் குறைந்துபோன ஹார்மோனைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுக்கலாம், மாத்திரையைவிட அதில் ரத்தம் உறையும் பயம் குறைவு. கர்ப்பப்பை இருப்பதால் அதற்குக் காவலாக இன்னொரு மாத்திரையும் சேர்த்துப் போடவேண்டும். சூடு அநேகமாக அடங்கும், தூக்கம் வரும், எலும்புக்கும் நல்லது. ஆனால் சில வருஷம் போட்டவர்களில், போடாதவர்களைவிட ஆயிரத்துக்குச் சில பேருக்குக் கூடுதலாக மார்புப் புற்றுநோய் வருகிறது. பெரியம்மாவுக்கு அந்த வயசில் வந்தது ஒன்றே இதைத் தடுக்கிற காரணம் இல்லை, ஆனால் கணக்கில் வைக்கவேண்டியதுதான். போடாவிட்டாலும் குற்றமில்லை, வேறு மருந்துகளும் உண்டு, அவற்றுக்கு வேகம் குறைவு.

“அந்தச் சில பேர்ல நான் இருப்பேனா?” என்று கேட்டாள்.

“அது எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். முடிவு உங்களோடது. எழுதித் தர்றேன், யோசிச்சுட்டு வாங்குங்க.”

அவளுக்கு அது புதுசாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சீட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கணவனிடம் காட்டினாள். உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாரத்தை அப்படியே திருப்பித் தலையில் வைத்ததுபோலவும் இருந்தது. ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள். ஹார்மோனா, பெரியம்மாவை மறந்துட்டியாடி, பல்லைக் கடிச்சுட்டு இருந்தா நாலு வருஷத்துல தன்னால போயிடும் என்றாள் அக்கா. நாலு வருஷம் பல்லைக் கடித்தால் பல் இருக்குமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்துவிட்டாள்.

எதற்கும் முன்கூட்டிக் கேட்டு வைப்போம் என்று மருந்துச் செலவுக்கான படிவத்தை மருத்துவப் பிரிவில் கொடுத்தாள். இரண்டாவது தப்பு. படிவம் திரும்பி வந்தது. ‘விண்ணப்பதாரர் கருவிப் பதிவேட்டில் இருப்பதால் மருத்துவப் பிரிவின் கீழ் வரமாட்டார். பழுதுநீக்கக் குழுவை அணுகவும். பதிவான கருவியில் குழுவின் அனுமதியின்றி எந்த மாற்றமும் செய்யக்கூடாது. மீறினால் கருவி கழிக்கப்படும்.’

கழிப்பது என்றால் என்ன என்று பதிவேட்டு அதிகாரியிடம் கேட்டாள். உடைந்த தராசு என்றால் பின்பக்கக் கிடங்குக்குப் போகும், உங்களைத் தபால் பிரிவுக்கு அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன் என்றார். தாய்க்கட்டை அறையை யார் பார்ப்பார்கள் என்றாள். அதற்குத் தனி விதி இருக்கிறது என்றார்.

குழு கூடியது. ஐந்து ஆண்கள். நடுவில் நிலையத்தின் இயக்குநர், பக்கத்தில் குறிப்பெழுதப் பதிவேட்டு அதிகாரி, குளிர்சாதனப் பொறியாளர், கணக்கு அதிகாரி, எடைக்கற்களில் கரைகண்ட நிபுணர் ஒருவர். இயக்குநர் மேடை கண்டால் விடமாட்டார். ஐந்து பேர் உட்கார்ந்த மேஜையும் அவருக்கு மேடைதான்.

“பெண்கள் மேல எனக்கு ரொம்ப மரியாதை. என் வீட்டுலயே ரெண்டு பேர் இருக்காங்க. ஆனா மரியாதைக்கு அலகு கிடையாது. அலகு இல்லாத எதையும் இந்த நிலையம் ஏத்துக்காது. இந்த அம்மா சூடு வருதுன்னு சொல்றாங்க. மனுஷனா நான் அதை நம்பறேன். தலைவரா நம்ப முடியாது. முதல்ல பழுதைப் பார்க்கணும், அளக்கணும், அப்புறம்தான் பழுதுநீக்கறதைப் பத்திப் பேசணும்.”

ஆகவே பழுதைப் பார்க்க உட்கார்ந்தார்கள். இருபதக்காவின் இரண்டு கைகளிலும் நெற்றியிலும் வெப்பமானிகளைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சான்றிதழ் பெற்ற வெப்பமானி. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. பதினொன்றுக்குத் தேநீர் வந்தது. எடைக்கல் நிபுணர் தூங்கினார். பாவி மனுஷன், என்ன ஒரு தூக்கம். இருபதக்கா அதைப் பார்த்துப் பொறாமையில் வெந்தாள், ஆனால் அந்த வேக்காடு வெப்பமானியில் ஏறவில்லை. ஒரு மணிக்குக் குழு கலைந்தது. ‘பழுது நேரில் காணப்படவில்லை.’ அவள் வெப்பமானிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து பத்து அடி வைத்திருக்கமாட்டாள், குப்பென்று ஏறியது. முகம் சிவக்க, வேர்வை சொட்டச் சொட்டத் திரும்பி ஓடிக் கதவைத் தட்டினாள். இயக்குநர் எட்டிப் பார்த்தார். ஆமாம், பார்த்தால் சூடாகத்தான் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கூட்டம் முடிந்து கையெழுத்தும் ஆகிவிட்டதால் இப்போது பார்த்தது பார்த்ததாகாது என்றார்.

இரண்டாவது கூட்டம் மூன்று வாரம் கழித்து. எந்தப் பழுதுநீக்கத்துக்கும் மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்றார் கணக்கு அதிகாரி. டாக்டரம்மாவின் சீட்டு ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டைக் குழுவே பெற்றிருந்தது. ஒன்று குளிர்சாதனக் கம்பெனியுடையது. இருபதக்காவின் நாற்காலிக்கு மேல் தனிக் குழாய் அமைத்துத் தருவதாகவும், இரண்டு வருஷ உத்தரவாதம் என்றும் சொல்லியிருந்தார்கள். இன்னொன்று வெப்பக் காப்பு உறை செய்கிறவர்கள். அவர்கள் சூட்டைக் குறைக்கமாட்டார்கள், வெளியே வரவிடாமல் உள்ளேயே வைத்து மூடுவார்கள். அளவைத் துறையின் நோக்கில் பார்த்தால் இதுதான் சிறந்தது என்று நிபுணர் விழித்தெழுந்து சொன்னார். டாக்டரம்மா உத்தரவாதம் எதுவும் தரவில்லை என்பதைக் கணக்கு அதிகாரி கவலையோடு சுட்டிக்காட்டினார். பக்கவிளைவு இருக்கலாம் என்று தன் வாயாலேயே சொல்லுகிற கம்பெனியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றும் கேட்டார்.

அங்கே உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில், உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவன் வேலைக்குப் போயிருந்தார். அவள் சாப்பாட்டு மேஜையில் ஒரு சான்றிதழின் நகலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை எழுதியது, சரிபார்க்க வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அவள் ஒரு சின்ன எண்ணை எழுதுவது வழக்கம். இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதற்கான எண். அது இல்லாத சான்றிதழ் செல்லாது. இருபத்திரண்டு வருஷமாக, எனக்கு இவ்வளவுதான் நிச்சயமாகத் தெரியும், இதற்குமேல் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதை நம்பித்தான் ஊரில் இயந்திரம் செய்கிறார்கள், அந்த இயந்திரத்தில் மனுஷர்கள் ஏறிப் போகிறார்கள். ஒருத்தரும் உத்தரவாதம் கேட்டதில்லை. டாக்டரம்மா சொன்னதும் அதேதான். இது கிடைக்கும், இவ்வளவு ஆபத்து, இதற்குமேல் தெரியாது. பிறத்தியாருக்குப் போதுமான நேர்மை தனக்கு ஏன் போதாது என்று தோன்றியது.

பெரியம்மாவை நினைத்தாள். பயம் போகவில்லை. அது போகாது என்றும் தெரிந்தது. ஆனால் இப்படியே இருப்பதும் ஒரு பயம்தானே, அதை எட்டு மாதமாக அனுபவித்து வருகிறாள். வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்த்துக்கொள்வது, மூன்று மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் மறுபடி பேசுவது, ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்குப் போனாள். பட்டையையும் மாத்திரையையும் வாங்கி வந்து, இடுப்புக்குக் கீழே பட்டையை ஒட்டிக்கொண்டாள். ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி படுத்தவள் காலையில்தான் விழித்தாள். என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்து உட்கார்ந்தாள். ஒன்றும் ஆகவில்லை, தூங்கியிருக்கிறாள். கணவன் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துக்கொண்டே அழுதாள். இந்த முறை துண்டு காரணமில்லை என்று அவருக்கும் புரிந்தது.

மூன்றாவது கூட்டம் கூடியபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. குழு நல்ல செய்தி வைத்திருந்தது. நிலையத்தின் பெருந்தன்மையை முன்னிட்டு டாக்டரம்மாவின் முறைக்கே அனுமதி தருவதாக முடிவாகியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. பழுதுநீக்குவதற்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு எடுக்கவேண்டும். ஆகவே முன் அளவுக்காக மறுபடியும் வெப்பமானிகளைக் கட்டினார்கள். மூன்று மணி நேரம் ஆனது. ஒன்றும் வரவில்லை. ‘பழுது நேரில் காணப்படவில்லை’ என்று மறுபடியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது பதிவேட்டு அதிகாரி சுவர்ப்பெட்டியின் தாளைக் கொண்டுவரச் செய்து விரித்துப் பார்த்தார். ஐந்து வாரமாகக் கோடு நேராக இருந்தது.

“மருந்தை ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று இயக்குநர் கேட்டார்.

“ஆரம்பிச்சுட்டேன் சார்.”

“யார் அனுமதி கொடுத்தது?”

“யாரும் கொடுக்கல. நான் யாரையும் கேக்கல.”

கணக்கு அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு இயக்குநர் மிகவும் தன்மையாக, ஒரு வழி இருக்கிறது என்றார். ஒரு மாதம் மருந்தை நிறுத்திவிடட்டும். பழுது திரும்பி வரும். அதை முறைப்படி அளந்து, முறைப்படி அனுமதி கொடுத்து, மறுபடி முறைப்படி ஆரம்பிக்கலாம். எல்லாருக்கும் நல்லது.

“நிறுத்தமாட்டேன் சார்” என்றாள் இருபதக்கா. குரலை உயர்த்தவில்லை. “எட்டு மாசம் நான் தூங்கல. இப்ப தூங்கறேன். ஒரு தப்பு இல்லாம அளக்கறேன். தபால் பிரிவுக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க, அங்கயும் போய் நல்லாத் தூங்குவேன். ஆனா என் உடம்புல எது இருக்கணும்னு இனிமே இந்த மேஜையில பேசவேண்டாம்.”

பதிவேட்டு அதிகாரி பேனாவை மேலே தூக்கிப் பிடித்தபடி தவித்தார். கூட்டக் குறிப்பில் குழு உறுப்பினர் பேசினால் எழுத இடம் உண்டு, கருவி பேசினால் எழுத இடமில்லை. கடைசியில் ‘இதர குறிப்புகள்’ என்ற கட்டத்தில் ‘கருவி பேசியது’ என்று எழுதினார். என்ன பேசியது என்று எழுதப் போதிய இடம் இல்லை.

அவளைக் கழித்துவிடலாமா என்று யோசித்தார்கள். ஆனால் பழுதுள்ள கருவியைத்தான் கழிக்கமுடியும். இதில் பழுது காணப்படவில்லை என்று அவர்களே இரண்டு தடவை கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆகவே பழுது திரும்பி வரும்வரை கருவி வழக்கமான பயன்பாட்டில் இருக்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று.

அவள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இயக்குநர். மேஜைக்கு வெளியே அவர் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“என் வீட்டுல அவளுக்கும் இதே தொந்தரவுதான். ரெண்டு வருஷம் ஆச்சு, டாக்டர் இதே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்தாங்க. நான்தான் இன்னும் முடிவு பண்ணல.”

இருபதக்கா நின்றாள். ரெண்டு வருஷம் என்று மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அவரைத் திட்டக்கூடத் தோன்றவில்லை, அந்த அம்மாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.

“இப்ப கொஞ்ச நாளா தன்னாலயே குறைஞ்ச மாதிரி இருக்கு” என்றார் அவர். “அதான் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்னு பார்க்கறேன்.”

நான் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டாள். அவருக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. தன் போனில் வீட்டு எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெண்கள் பேசும் இடத்தில் நிற்பது மரியாதையில்லை என்று ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றார்.

இருபதக்கா தான் யார் என்று சொன்னாள்.

“ஓ, அந்தச் சூடு வர்ற அம்மாவா?” என்றது குரல். நல்ல தெளிவான, தூங்கி எழுந்த குரல். “சாப்பிடும்போதெல்லாம் உங்களைப் பத்திதான் பேசுவார்.”

இருபதக்கா தயங்கித் தயங்கி மருந்தைப் பற்றி ஆரம்பித்தாள்.

“அதுவா? நான் போன வருஷத்துலருந்தே போட்டுட்டு இருக்கேனே. என் உடம்பு, என் தூக்கம், எத்தனை நாள் காத்துட்டு இருக்கறது?” அந்தம்மா குரலைத் தாழ்த்தினாள். “அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், இன்னும் யோசிச்சுட்டு இருக்கார்.”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இருபதக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அதை அடக்கினாள். பிறகு போனைக் கொண்டுபோய் இயக்குநரிடம் கொடுத்தாள்.

“என்ன சொல்றா?” என்று கேட்டார்.

“நிதானமா யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னு சொன்னாங்க சார்.”

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். எதிலும் அவசரம் கூடாது என்று அவளுக்கும் ஒரு முறை சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.